உரசிக்கொண்டு போன இரண்டு விமானங்கள்

என் தங்கையின் கணவர் எடுத்த வீடியோ பதினொரு வினாடி ஓடும். அதில் இரண்டு விமானங்கள் வருகின்றன. ஒன்று இடமிருந்து வலமாக, மற்றது அதன் குறுக்கே. ஏழாவது வினாடியில் ஒன்றின் மூக்கு மற்றதன் வயிற்றில் இடிப்பதுபோல் தெரிகிறது. எட்டாவது வினாடியில் ஒரு குரல், "போச்சு, போச்சு" என்கிறது. அது அவருடைய குரல். ஒன்பதாவது வினாடியில் இரண்டும் பிரிந்து தத்தம் வழியில் நிம்மதியாகப் போகின்றன. நிறுத்தி நிறுத்திப் பலமுறை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தப் பதினொரு வினாடியில் ஆபத்து என்று ஏதாவது இருந்தால் அது அந்தக் குரலில் மட்டும்தான் இருந்தது.

அவர் கச்சிராயபாளையத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் எடுப்பார். எல்லோரும் தங்கள் கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, ஸ்டுடியோ படியேறுகிறவர்கள் பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டியவர்கள்தான். நான் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். நில அளவை வேலை. கல்வராயன் மலைமேல் ஏழு வருடமும் கீழே மீதி வருடங்களும் பிறருடைய நிலங்களின் எல்லைகளை அளந்து கழித்திருக்கிறேன்.

பொங்கல் கழிந்த வாரம். மேகமில்லாத மாலை, மணி ஐந்தரை. காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனவர், வானத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் நெருங்குவதைப் பார்த்திருக்கிறார். புதிதாக வாங்கிய கைப்பேசி கையில் இருந்தது. முப்பது மடங்கு பெரிதாக்கிப் படம் பிடித்தார். கீழே இறங்கி வருவதற்குள் அனுப்பியும் விட்டார்.

மறுநாள் காலை எனக்கு அது ஐந்து வழிகளில் வந்து சேர்ந்தது. ஐந்தில் ஒன்று எங்கள் துறைக்காரர்களின் குழு. வாழ்நாள் முழுவதும் தூரம் அளந்து சம்பளம் வாங்குகிற மனிதர்கள், அதன் கீழே கும்பிடுகிற கைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒருவர், "மயிரிழையில் தப்பியது" என்று எழுதியிருந்தார். அவர் எனக்கு மூத்தவர். அவர் அளந்த நிலங்களை மறு அளவை செய்தால் நல்லது என்று அன்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து யூட்யூப் சேனல் நடத்துகிற ஒருவர் கையில் மைக்கோடு வந்தார். தங்கை கணவரை அதே மொட்டை மாடியில் நிறுத்தி, வானத்தைச் சுட்டிக் காட்டச் சொல்லிப் பேட்டி எடுத்தார். அப்போது வானத்தில் ஒன்றும் இல்லை. "நேரில் கண்ட சாட்சி" என்று அவர் பெயருக்குக் கீழே போட்டார்கள். அவர் நேரில் கண்டது உள்ளங்கை அகலத் திரையை. அதை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அணை ரோட்டு டீக்கடையில் விமானிகளுக்குத் தூக்கம் வந்திருக்கும் என்று ஒரு கட்சியும், ஒருவரோடொருவர் வேகப்போட்டி போட்டிருப்பார்கள் என்று மறு கட்சியும் உருவாயின. மினி பஸ் ஓட்டுகிற ஒருவர் இரண்டாவது கட்சி. வேகப்போட்டியைப் பற்றி அவருக்குத் தெரியும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். முட்டாள்தனம் ஊரில் தினமும் நடக்கிறது. ஆனால் அவருடைய மகள், என் தங்கை மகள், அடுத்த புதன்கிழமை சென்னையிலிருந்து மஸ்கட்டுக்கு விமானம் ஏற வேண்டியவள். நர்சிங் முடித்து இரண்டு வருடம் சென்னையில் ஒரு மருத்துவமனையில் ராத்திரியும் பகலும் வேலை பார்த்து, தேர்வெழுதி, தானே தேடிக்கொண்ட வேலை. அந்த வாரக் கடைசிக்குள் போய்ச் சேரவில்லை என்றால் இடம் இன்னொருத்திக்கு.

பேட்டி வெளிவந்த அன்று என் தங்கை, மகளின் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சியில் டிக்கெட் போட்டுக் கொடுத்த பாய் எனக்குப் பழக்கம். அவர் போனில் நிதானமாகத்தான் பேசினார். பெண் போகவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்றார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். "ஏங்க, ரெண்டும் இடிக்கப் போனா ரெண்டுல ஒண்ணாச்சும் கொஞ்சம் திரும்பிருக்கணும்ல? வீடியோல ரெண்டும் அதுபாட்டுக்கு நேரா போவுதே." அந்த வாரம் முழுவதும் நான் கேட்ட ஒரே அறிவுள்ள கேள்வி அதுதான். அதைக் கேட்டவர் ஒரு லட்சம் பேரையாவது விமானம் ஏற்றியிருப்பார்; தானும் ஏறியிருப்பார்.

விமானங்கள் எந்த நேரத்தில் எந்த உயரத்தில் போயின என்று காட்டுகிற செயலி ஒன்று இருக்கிறது. பழைய நாள்களையும் திருப்பிப் பார்க்கலாம். வியாழக்கிழமை மதிய உணவு நேரத்தில் அந்த மாலையை எடுத்துப் பார்த்தேன். குறுக்கே போனது திருச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்த சாதாரண அளவு விமானம். உயரம் இருபத்தைந்தாயிரம் அடி. மேலே போனது வளைகுடாவிலிருந்து கிழக்கே போகிற பெரிய விமானம். உயரம் முப்பத்தேழாயிரம். நடுவே பன்னிரண்டாயிரம் அடி, மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். மேலே இருந்தது கீழே இருந்ததைவிட ஒன்றரை மடங்கு தள்ளி இருந்தது. ஒன்றரை மடங்கு பெரிதாகவும் இருந்தது. அதனால் படத்தில் இரண்டும் ஒரே அளவு. ஒரே அளவில் தெரிவதால் ஒரே இடத்தில் இருப்பதாகப் பார்ப்பவர் முடிவு செய்துகொள்கிறார். இதில் மர்மம் ஒன்றுமில்லை.

லென்ஸின் மேல் எல்லாப் பழியையும் போடுவதும் தவறுதான். எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதுதான் முதல் காரணம். தள்ளி நிற்க நிற்க, முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி கண்ணுக்குச் சுருங்கிக்கொண்டே போகும். வெறும் கண்ணால் பார்க்கும்போது அவை புள்ளிகள். தூரத்தில் இருக்கின்றன என்பது நமக்கு மறப்பதில்லை. லென்ஸ் புள்ளியைப் பெரிதாக்கிக் கையில் கொடுக்கிறது. நாம் பக்கத்தில் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். போகவில்லை. நின்ற இடத்திலேயேதான் நிற்கிறோம். கோமுகி அணையைப் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். அணைக் கரையை விட்டு வெகுதூரம் பின்னால் போய் நின்று லென்ஸை இழுத்துப் பெரிதாக்கி எடுப்பார்கள். படத்தில் மலை மதகின் முதுகில் சுவர்போல நிற்கும். அதை நம்பி எங்கிருந்தோ வந்து இறங்குகிறவர்கள், அந்த மலை எங்கே என்று கேட்பார்கள். மலை அதே இடத்தில்தான் இருக்கிறது, எட்டத்தில்.

இதையெல்லாம் தங்கைக்குச் சொல்வதற்காக வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். செயலியைக் காட்டினேன். அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். "அதுல ஏரோபிளேன் மஞ்சக் கலர்ல இருக்குது. அவரு எட்த்தது வெள்ளையா இருந்துது" என்றாள்.

சரி, கண் முன்னால் காட்டினால்தான் ஆகும் என்று அவளைச் சாலைக்கு அழைத்துப் போனேன். அவர்கள் வீட்டுக்கு எதிரே கள்ளக்குறிச்சி ரோடு கரும்புக் காட்டுக்கு நடுவே நேராகக் கிடக்கும். இருநூறு மீட்டருக்கு ஒரு கல். டவுன் பஸ்ஸும் அதன் பின்னாலேயே தனியார் பஸ்ஸும் வருகிற நேரம் எனக்குத் தெரியும். தங்கை மகள் தன் கைப்பேசியைப் பெரிதாக்கி அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் டவுன் பஸ்ஸின் பின்னால் தனியார் பஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவே ஒரு சைக்கிள் நுழைய இடமில்லை.

"இடிச்சிடுவான் போல" என்றாள் தங்கை.

எங்கள் முன்னாலிருந்த சிறு பாலத்தை டவுன் பஸ் தாண்டியதும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தனியார் பஸ் அதே பாலத்தைத் தாண்ட முப்பத்தாறு வினாடி ஆனது. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகம் என்றால் நானூறு மீட்டர். இரண்டு கல் தூரம். கல்லை விரலால் காட்டி எண்ணியும் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

அவளுக்கும் விளங்கியது. பஸ் விஷயம் விளங்கியது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"பஸ்ஸு செரி ணா. நானும் நீயும் போட்டோகாரங்களா? நமக்கு கிட்ட இருக்கறாப்புல தெரிஞ்சிது, ஏமாந்தோம். அவரு இருவது வருசமா அத்தயே கண்ல வச்சிக்கினு குந்தினு இருக்கிறாரு. அவருக்கு தெரியாதா, எது கிட்ட எது எட்டன்னு? உனக்கு அளக்கத்தான் தெரியும். அவருக்கு பாக்கத் தெரியும்."

இதற்கான பதிலை அங்கே சொல்ல முடியாது. ஏனென்றால் அவள் சொன்னது முழு உண்மை. எது கிட்டே எது எட்டே என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இந்தச் சுற்று வட்டாரத்தில் அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. அவர் தொழிலே அதுதான்.

எங்கள் பக்கம் விசேஷத்துக்குப் போட்டோக்காரரைப் பேசும்போது வீட்டுக்காரர்கள் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: கூட்டத்தைக் காட்டிவிடுங்கள். மணமக்கள் கண்ணை மூடியிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பந்தலில் காலி நாற்காலி தெரிந்தால் பொறுக்க மாட்டார்கள். அதற்குத்தான் தங்கை கணவர் நீளமான லென்ஸ் ஒன்று வாங்கினார். வாங்கிய புதிதில் அதன் பெருமையை என்னிடம் அவரே விளக்கினார். சமையல் கொட்டகை வாசல்வரை பின்னால் போய் நிற்க வேண்டும். அங்கிருந்து இழுத்து எடுத்தால், மூன்று வரிசைக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பவர்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். காலி நாற்காலிகள் தலைகளுக்குப் பின்னால் மறைந்து போகும். ஐம்பது பேர் ஐந்நூறு பேராவார்கள். அவருடைய சொல்லில், "எட்டப் போனா கூட்டம் தானா சேர்ந்துடும் மச்சான்." ஸ்டுடியோ கண்ணாடிக்குள் மாட்டியிருக்கிற கூட்டங்கள் எல்லாம் அப்படிச் சேர்ந்தவைதான். அவற்றில் பாதிப் பந்தல்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை ஸ்டுடியோவுக்குப் போனேன். அவர் புதிதாக வந்த ஒருவருக்கு அந்த வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கேட்டேன்.

"மாப்ள, அந்த ரெண்டும் கிட்டகூட வரலன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் கண்ணாடியைத் துடைக்கிற துணியை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாததால் மேஜையைத் துடைத்தார். "தெரியாம இன்னா மச்சான்" என்றார். "எடுக்கும்போதே தெரியும்."

"அப்ப 'போச்சு போச்சு'ன்னது?"

"ஒரு இதுக்குத்தான்."

ஒரு இதுக்கு. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. மகளை அனுப்பக் கூடாது என்பதற்கு என்றாலும் எனக்குப் புரிந்திருக்கும். அப்படிப்பட்ட அப்பாக்கள் உண்டு. அவர் அதுகூட இல்லை. அவள் போக வேண்டும் என்றுதான் அவருக்கும். வழிச் செலவுக்கு ஓடியதும் விசாவுக்கு அலைந்ததும் அவர்தான். நாலு பேர் பார்ப்பார்கள் என்று ஒரு பொய்யை வானத்தில் எறிந்தார். அது சுற்றி வந்து அவர் வீட்டுப் பீரோவில் இறங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த பொய்யர்களில் இவ்வளவு கேவலமாக மாட்டிக்கொண்டவர் வேறு இல்லை.

பெண்டாட்டியிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். விமானம் எப்படிக் கிட்டே தெரிந்தது என்று சொன்னால், கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பதும் தெரிந்துவிடுமாம். "இது தெரிஞ்சா நாளைக்கே ஆளாளுக்கு வூட்டுல மாட்டிக்கினு இருக்கிற படத்த இறக்கி எண்ண ஆரம்பிச்சுடுவானுங்க மச்சான். அப்பறம் நான் இந்த ஊர்ல கடை தொறக்க முடியுமா?"

"யாரு எண்ணுவா? என் தங்கச்சிதான?"

"அவதான் மொதல்ல எண்ணுவா" என்றார்.

அப்போதுதான் எனக்கு அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற படம் நினைவுக்கு வந்தது.

தங்கை மகளின் மஞ்சள் நீராட்டுக்கு எடுத்தது. லேமினேட் செய்து, ஒரு கதவின் பாதி அளவுக்கு இருக்கும். அன்று காலையிலிருந்து அடைமழை. தெருவில் போட்ட பந்தல் ஒழுகியது. எலவனாசூர்கோட்டைப் பக்கத்து உறவுகள் ஒருவரும் வரவில்லை. என் தங்கை அன்று முழுவதும் பெண்ணோடு உள்ளறையிலும், தட்டு வரிசையோடு சமையலறைப் பக்கமுமாக நின்றாள். பந்தலுக்கு வரவே இல்லை. மாலையில் சாப்பாடு அண்டா அண்டாவாக மீந்தது. சமையல்காரருக்கு அளவு தெரியவில்லை என்று எல்லோருமாகச் சேர்ந்து அவர் தலையில் போட்டோம். ஒரு மாதம் கழித்து இந்தப் படம் வந்தது. அதில் பந்தல் முழுக்கத் தலைகள். என் தங்கை அதன்மேல் மாலை போடாத குறை. வருகிறவர்களிடம் எல்லாம், கொட்டுகிற மழையிலும் ரோடு வரைக்கும் சனம் என்று காட்டுவாள். மாமியார் வீட்டில் அவள் தலை நிமிர்ந்தது அந்தப் படத்துக்குப் பிறகுதான். அவளுடைய மாமியார் சாகும்வரை அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசினாள்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். அந்த நேரத்தில் தங்கை மகள் சாப்பாட்டுக் கேரியரோடு ஸ்டுடியோ வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எவ்வளவு கேட்டாள் என்பது அவள் பேசியதில் தெரிந்தது.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா ப்பா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். உள்ள குந்த வச்சிருந்தீங்களே, அந்த ஜன்னல்ல பந்தல் ஃபுல்லா தெரியும். எம் ப்ரெண்டுங்க யார்னா வர்றாங்களான்னு பாத்துக்கினே இருந்தேன். நாக்காலிங்கதான் இருந்துது." கேரியரை மேஜைமேல் வைத்தாள். "நான் சொன்னா அம்மா நம்பாது. ஆனா சொல்லிடுவேன்."

இத்தனை வருடம் அவள் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. இதை அவருக்கும் எனக்கும் யோசிக்க நேரம் கொடுத்து, கேரியரைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

அவர் சாப்பிடவில்லை. கடையைச் சாத்திக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தார். வழியில் இரண்டு பேர் விமானத்தைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் அவர் கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

கூடத்தில் தங்கை முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நேராகப் படத்தின் முன்னால் போய் நின்று, சுவரைப் பார்த்தபடியே பேசினார். மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேச அவரால் முடியாது என்று எனக்கு முன்னமே தெரியும். சமையல் கொட்டகை, நீள லென்ஸ், மழை எல்லாம் சொன்னார். பிறகுதான் விமானங்களுக்கு வந்தார். இதுவும் அதேதான் என்றார். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நானும் செயலியும் டவுன் பஸ்ஸும் அரை நாளில் செய்ய முடியாததை அந்த இரண்டு நிமிடம் செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்காக அவர்மேல் மதிப்பு வந்தது என்று சொல்ல மாட்டேன்.

தங்கை முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து படத்தின் பக்கத்தில் நின்றாள். முதல் வரிசையிலிருந்து விரலை வைத்து எண்ணத் தொடங்கினாள். லேமினேட்டின் மேல் அவள் விரல் ஒவ்வொரு தலையாக நகர்ந்தது. சிலரைப் பெயர் சொல்லி எண்ணினாள். ஒரு தலையின் பின்னால் இன்னொன்று இருக்கிறதா என்று ஓரிடத்தில் நின்று பார்த்தாள். அங்கே நாற்காலியின் முதுகுதான் இருந்தது. மகள் உள்ளறை வாசலில் வந்து நின்றாள்.

"அறுபத்தி மூணு" என்றாள். பிறகு கணவரிடம், "மழையினாலதான வர்ல?" என்றாள்.

"மழையினாலதான்" என்றார் அவர்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. எலவனாசூர்கோட்டையில் அன்று மழை பெய்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கணவரைத் தாண்டிப் போய் மகள் கையில் கொடுத்தாள். "உன் பேங்குலயே வச்சிக்கோ. எங்கிட்ட குடுக்காத" என்றாள். கைப்பையைத்தான் அப்படிச் சொன்னாள். மறுபடி உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கத் தொடங்கினாள். அன்று சாயங்காலம்வரை கணவரோடு பேசவில்லை. படத்தை இறக்கவும் இல்லை. நான் வெளியே வந்து பாய்க்குப் போன் செய்து, பெண் புதன்கிழமை ஏறுகிறாள் என்று சொன்னேன். நல்லது என்று மட்டும் சொன்னார். அவர் எந்தக் காலத்திலும் அதிகம் பேசாதவர்.

புதன்கிழமை தங்கை கணவர்தான் மகளைச் சென்னைக்கு அழைத்துப் போனார். விமான நிலைய வாசலில் அவளை நிற்க வைத்து எடுத்த படங்களை எங்களுக்கு அனுப்பினார். ஒரு படத்தில் அவள் தலைக்கு மேலே ஒரு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. உச்சியை உரசுகிறாற்போலிருந்தது. திருந்தாத ஜென்மம்.

வியாழக்கிழமை அலுவலகம் முடிந்து கச்சிராயபாளையம் போனேன். பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள். காலையில் வீடியோவில் அறையைக் காட்டினாள், ஜன்னல் வழியாக மணல் நிறத்துக் கட்டடங்கள் தெரிந்தன என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த விமான வீடியோவை இன்னும் அழிக்கவில்லையே என்று நான் அவள் கணவரிடம் கேட்டேன். அவர் கேட்காததுபோல் டார்ச்சை எடுத்துக்கொண்டு எதிரே இருக்கிற தன் கரும்புக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விட்டார்.

பஸ்ஸுக்காக நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலி ஓரம் வந்தாள். பெண் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளா என்று விசாரித்தாள். பிறகு, அன்றைக்கு நம் ஊர் மேலே இரண்டு விமானம் இடிக்கப் போனது என்றார்களே, அது நிஜம்தானா, இந்த ஆம்பளைகள் சும்மா கிளப்பிவிட்டதா என்று கேட்டாள். அவள் முகத்தில் சந்தேகம் இருந்தது. இந்தத் தெருவில் நான் பார்த்த முதல் சந்தேகம். அதற்காகவே அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"இன்னாக்கா இப்படி கேக்கற?" என்றாள் என் தங்கை. "உரசிக்கினுதான் போச்சு. அவரு கண்ணால பாத்தாரு இல்ல? எங்க அண்ணன் சர்வேயரு. அவரே அளந்து பாத்தாரு. கேளேன்."

சொல்லும்போது அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை. அறுபத்து மூன்று தலைகளை எண்ணிய அதே விரலால் என்னைக் காட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னைப் பார்த்தாள். தங்கையும் பார்த்தாள், அவசரமில்லாமல்.

பன்னிரண்டாயிரம் அடி என்ற எண் என் வாயில் இருந்தது. மூன்றரைக் கிலோமீட்டர் என்பதும் இருந்தது. நான் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு தலையை ஆட்டியபடி உள்ளே போனாள். பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.